மார்கழிக் குளிரில் தக்கைத் தூண்டில் பயிற்சி: ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மீன் ஏன் வாய் வைக்கவில்லை?

சென்னிமலைத் தூண்டில்:

அனைவருக்கும் வணக்கம்ங்க. தைப்பூசம் முடிந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, காங்கேயம் பக்கத்தில் என் தாய்மாமன் தோட்டத்து மீன்குட்டையில், நண்பர்கள் 12 பேர் சேர்ந்து தக்கைத் தூண்டில் போட்டி ஒன்று நடத்துவதாக இருக்கிறோம். எங்களில் பாதிப் பேர் பழனிப் பாதயாத்திரைக்கு மாலை போட்டிருப்பதால் அதற்கு முன் நாள் வைக்க முடியவில்லை. சபரிமலைக்கும் பழனிக்கும் ஊரே விரதம் இருக்கும் இந்தக் காலத்தில் மீன் விற்பனை மந்தமாக இருக்கும் என்பதால், மாமாவும் கார்த்திகை பிறந்ததிலிருந்து குட்டையில் வலை இறக்கவில்லை. எனவே மீன்கள் கலையாமல் இருக்கின்றன.

போட்டியின் விதிகளை இங்கிலாந்தில் கட்டண ஏரிகளில் நடக்கும் போட்டிகளைப் பார்த்து அமைத்திருக்கிறோம். கரையில் முளை அடித்து எண் எழுதி, சீட்டுக் குலுக்கி, அவரவருக்கு விழுந்த முளையில் 5 மணி நேரம் உட்கார வேண்டும். பிடித்த மீனைத் தண்ணீரில் தொங்கும் நீண்ட வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் மொத்த எடை பார்த்துத் திரும்பக் குட்டையிலேயே விட்டுவிட வேண்டும். இதைக் கேட்ட என் அம்மாயி, "புடிச்ச மீனைத் திருப்பி உடறதுக்கு எதுக்குக் கண்ணு நாள் பூரா வெய்யில்ல குக்கீட்டு இருக்கறே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

குட்டை ஏறத்தாழ முக்கால் ஏக்கர். தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், 9 அடி ஆழம். வடக்குக் கரையோரம் மூன்றரை அடிதான். தெற்குக் கரை நெடுகத் தென்னை. கீழ்பவானி வாய்க்காலின் கசிவு நீரும் போர் தண்ணீரும் சேர்ந்து நிரப்புகின்றன. கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறார்கள். விடாமலே வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டை ஏராளமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை, போட்டி நேரத்தையே வைத்துக்கொண்டு, மூன்று பேர் பயிற்சிக்கு உட்கார்ந்தோம். குளிர்காலத்தில் மீன் ஆழத்துக்குப் போய்விடும், தீனியைக் குறைக்க வேண்டும், நரம்பு, அதாவது தூண்டில் இழை, மெல்லியதாக இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்காரர்கள் சொல்வதைக் காணொளிகளில் பார்த்திருந்ததால், மூவருமே கன்னி மூலையைச் சுற்றி, 0.12 மில்லிமீட்டர் நரம்பும் 18ஆம் எண் கொக்கியும் கட்டி, தரையைத் தொடும்படி மண்புழு போட்டோம். முதல் 40 நிமிடத்தில் 7 மீன்கள் ஏறின. அதன் பிறகு 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தும் 4 மீன்கள்தான். மூவருக்கும் சேர்த்து 11 மீன்கள், 3 கிலோ 400 கிராம். அதில் 900 கிராம் ஒரே ஒரு மிர்கால், மீதி எல்லாம் ஜிலேபி. மீன் நின்றுபோனதும் பதற்றத்தில் அரை மணிக்கு ஒரு முறை இரையை மாற்றினோம், ஆழத்தை மாற்றினோம், இடத்தையும் மாற்றினோம், புண்ணாக்குத் தூளையும் அள்ளிப் போட்டோம். எதற்கும் பயன் இல்லை.

போட்டிக்கு முன் இன்னும் ஒரே ஒரு பயிற்சி நாள்தான் எங்களுக்குக் கிடைக்கும். ஆழத்தில் உட்கார்ந்தது தவறா, தீனி தவறா, நேரம் தவறா? அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.


திருப்பூர் லெஸ்டர்:

தம்பிக்கு வணக்கம். பனியன் தொழில் நிமித்தமாக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 11 ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் சொல்லும் கட்டண ஏரிகளில் போட்டிக்கு உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய இடத்தில்தான் வருவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் காணொளிகளில் கேட்ட அறிவுரை தவறானது அன்று; அது அந்த ஊருக்கு உரியது. ஆழத்துக்குப் போகச் சொல்வதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகி மேலே வந்துவிடும், அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது. ஜனவரி மாதத்தில் இங்கிலாந்தின் ஏரியில் மேற்பரப்பு உறையும் நிலைக்கு வரும்போது, அடியில் இருக்கும் 4 டிகிரித் தண்ணீர்தான் ஏரியிலேயே வெதுவெதுப்பான இடமாக இருக்கும், ஆகவே மீன் அங்கே போய் அடைந்து கிடக்கும். காங்கேயத்தில் மார்கழியில் காலைக் குளிர் 18, 19 டிகிரிக்கு அருகில் இருக்கலாம். குட்டைத் தண்ணீர் அதற்கும் சற்று மேலேதான் இருக்கும். அந்த வெப்பநிலையில் குளிர்ந்த தண்ணீர் எப்போதும் கனமானது. இரவில் மேலே குளிர்ந்தது கீழே இறங்கும். பகலில் சூடானது மேலேயே தங்கும். ஆக, வெயில் ஏறிய பிறகு உங்கள் குட்டையின் குளிர்ந்த இடம் எதுவோ அந்த இடத்தில், அதுவும் தென்னை நிழல் விழும் பக்கத்தில், நீங்கள் மூவரும் மதியம் வரை உட்கார்ந்திருந்தீர்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்பதால் தெற்குக் கரைத் தென்னையின் நிழல் நண்பகலிலும் தண்ணீர் மேல்தான் கிடக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய நரம்புக்கும் அங்கே ஒரு காரணம் உண்டு. குளிரில் பாசி செத்து ஏரித் தண்ணீர் தெளிந்துவிடும், மீனுக்கு நரம்பு தெரியும். நம் குட்டைகள் மார்கழியிலும் பச்சையாகத்தான் இருக்கின்றன. ஒன்றரைக் கிலோ ரோகு ஒன்று மாட்டினால் 0.12 நரம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தீர்கள்? அங்கே அவ்வளவு மெல்லிய நரம்பு தாங்குவதற்குக் காரணம், 13 மீட்டர், 16 மீட்டர் நீளக் கோலின் நுனிக்குள் ஓடும் ரப்பர் இழை. மீன் இழுக்கும் இழுப்பை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அந்தக் கோல் இல்லாமல் நரம்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அறுந்துதான் போகும். 0.16 அல்லது 0.18க்கு வந்துவிடுங்கள், கொக்கியையும் பெரிதாக்கி 14ஆம் எண்ணுக்கு வாருங்கள் (எண் குறைந்தால் கொக்கி பெரிது). கொக்கி எதிர்முள் இல்லாததாக இருக்கட்டும். அங்கே பெரும்பாலான ஏரிகளில் அது விதி, மீனின் வாய் கிழியாமல் இருக்கும்.

தீனியைக் குறைக்கச் சொன்னது மட்டும் இரண்டு ஊருக்கும் பொருந்தும். மீனுக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும். அங்கே குளிர்காலத்தில் போட்டியாளர்கள் கோல் நுனியில் மூடி அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் மாட்டி, அதில் 6, 7 ஈப்புழுக்களை வைத்துத் தக்கைக்கு நேர் மேலே கவிழ்ப்பார்கள். மீன் ஏறினால் மறுபடி 6. ஏறாவிட்டால் ஒன்றும் போட மாட்டார்கள். சில நாள் தீனியே போடாமல், வட்டமாக வெட்டிய ரொட்டித் துண்டை மட்டும் கொக்கியில் குத்தி, கூட்டம் எங்கே நிற்கிறது என்று மீட்டர் மீட்டராகத் தேடிக்கொண்டு போவதும் உண்டு. குளிரில் மீன்கள் ஏரி முழுக்கப் பரவி இருக்காது, ஓரிடத்தில் நெருங்கிக் கிடக்கும். தேடிப் போகாதவன் 5 மணி நேரமும் வெறும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நான் பழகிய கழகத்தில், பயிற்சி நாளில் அதிகம் பிடித்தவனை யாரும் பாராட்ட மாட்டார்கள். "என்ன கண்டுபிடித்தாய்?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் மூன்று பேர் ஒரே மூலையில், ஒரே இரையோடு, ஒரே ஆழத்தில் உட்கார்ந்ததால் மூன்று பேரின் 5 மணி நேரமும் ஒரே ஒருவரின் 5 மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றியதால், கடைசியாக வந்த 4 மீன்களும் எதனால் வந்தன என்று உங்களால் சொல்ல முடியாது. அடுத்த முறை மூவரும் ஒரே இரையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவர் தரையில், ஒருவர் பாதி ஆழத்தில், ஒருவர் மேலிருந்து இரண்டரை அடியில் போடுங்கள். ஒரு மணி நேரம், மீன் வந்தாலும் வராவிட்டாலும், யாரும் அசையக் கூடாது. ஒவ்வொரு மீன் ஏறும்போதும் நேரத்தையும் ஆழத்தையும் நோட்டில் எழுதுங்கள். சும்மா இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. எனக்கு அது 11 ஆண்டுகளிலும் வரவில்லை.

உட்காரும் முன் ஆழம் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். கொக்கியில் கனமான ஈயக்குண்டு ஒன்றை மாட்டி இறக்கினால், தக்கை முழுகுகிறதா, படுக்கிறதா என்பதைக் கொண்டு அங்குலம் வரை ஆழம் சொல்லிவிடலாம். சீட்டு எந்த முளைக்கு விழும் என்று தெரியாத நிலையில், 12 முளைகளுக்கும் ஆழம் எழுதி வைத்திருப்பவருக்கு அதுவே பாதி வெற்றி.


குட்டைக்காரர், கோபி:

லெஸ்டர் அண்ணன் தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி. நான் தூண்டில் பிடிப்பவன் அல்லன், மீன் வளர்ப்பவன். நான்கு குட்டைகளை 14 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பதால், மீனின் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் நேரம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். இரவில் அதே பாசியும் மீனும் சேர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பொழுது விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். பச்சை ஏறிய குட்டையில் விடிகாலையில் கட்லா மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருப்பதைப் பார்த்து, "மீன் மேலே இரை எடுக்கிறது" என்று நினைத்துவிடக் கூடாது. அது மூச்சுக்குத் தவிக்கிறது, அந்த நேரத்தில் எந்த இரையைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. மூட்டமாக இருந்த நாளுக்கு அடுத்த காலையில் இது இன்னும் மோசமாக இருக்கும். நான் மார்கழி, தை மாதங்களில் காலை 10 மணிக்கு முன் தீவனமே போடுவதில்லை. போட்டால் மிதந்து கிடந்து ஊறிப்போகும், காசும் போகும், தண்ணீரும் கெடும். உங்கள் போட்டியை 9 மணிக்குத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் கரையில் இருப்பவர்களுக்குத்தான் பொழுதுபோக்கு.

அப்படியானால் முதல் 40 நிமிடத்தில் 7 மீன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இரவெல்லாம் குளிர்ந்து கலந்த தண்ணீர் அந்த நேரத்தில் மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கும். ஆழத்தில் கிடந்த ஜிலேபிக்கு இடம் மாற இன்னும் காரணம் வரவில்லை, கண் முன்னால் புழு வந்து விழுந்தது, எடுத்துக்கொண்டது. வெயில் ஏறியதும் அது வடக்குப் பக்கம் போயிருக்கும். நீங்கள் அதே இடத்தில் இருந்தீர்கள். இது என் ஊகம்தான். ஆனால் என் குட்டைகளில் நான் பார்ப்பது இதுதான். ஜிலேபி வெயில் தாகம் கொண்ட மீன், 20 டிகிரிக்குக் கீழே போனால் தீனியை நன்றாகக் குறைத்துவிடும்.

இரண்டாவது, போர் தண்ணீர். மார்கழிக் காலையில் கிணற்றடியில் குளித்தவர்களுக்குத் தெரியும், பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மோட்டார் ஓடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் குழாய் விழும் இடத்துக்கு மீன் கூடிவிடும். அங்கே சூடும் இருக்கிறது, தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழுவதால் காற்றும் கலக்கிறது. உங்கள் மாமா வாஸ்து பார்ப்பவராக இருந்தால் போர் ஈசானியத்தில்தான் இருக்கும். ஆகவே மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வருகிறது என்று மாமாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி அன்று மோட்டார் ஓடுமா, ஓடாதா என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுவதும் நியாயம். இல்லையென்றால் ஈசானிய மூலை முளை விழுந்தவர் மேல் பழி வரும்.

மூன்றாவது, எந்த மீன் எங்கே உண்ணும் என்பது. கட்லா மேல்மட்டத்தில், ரோகு நடுவில், மிர்கால் தரையில். மூன்றையும் ஒரே குட்டையில் விடுவதே அதற்காகத்தான், ஒன்றின் உணவுக்கு இன்னொன்று போட்டிக்கு வராது. தரையில் மட்டும் புழு போட்டதால் உங்களுக்கு மிர்காலும் ஜிலேபியும் வந்தன. எடை வேண்டுமென்றால் ரோகுவைத் தேட வேண்டும், அது நடுத்தண்ணீரில் இருக்கும். ரோகுவுக்குப் புழுவை விட மாவு உருண்டை நல்லது: கடலைப் புண்ணாக்குத் தூள் ஒரு பங்கு, வறுத்த தவிடு ஒரு பங்கு, பிடிப்புக்குக் கொஞ்சம் கோதுமை மாவு. சுண்டைக்காயில் பாதி அளவு போதும். கெண்டை இனத்துக்கு நம்மைப் போல இரைப்பை கிடையாது; தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து நேரே குடலுக்கு அனுப்பிவிடும். ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ள இடம் இல்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்றுகொண்டிருக்கும். பதற்றத்தில் நீங்கள் அள்ளிப் போட்ட புண்ணாக்கு அவற்றின் ஒரு நாள் தீனி ஆகியிருக்கும், அதற்குப் பிறகு உங்கள் கொக்கியைத் தேட வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை.

ஒரு கண்டிப்பான வேண்டுகோள். வலைப்பையில் கட்லாவை வைக்காதீர்கள். இங்கிலாந்தில் வைக்கும் கெண்டை சேற்றிலும் நெருக்கத்திலும் தாங்கும் இனம். கட்லா பதறும், துள்ளும், செதில் உதிரும், விட்ட பிறகு இரண்டு நாள் கழித்து மிதக்கும். கட்லா மாட்டினால் அப்போதே எடை பார்த்து எழுதிவிட்டு, கையை நனைத்துக்கொண்டு பிடித்து, உடனே விட்டுவிடுங்கள். ஜிலேபியைத் திரும்ப விடுவதற்கோ எந்தக் குட்டைக்காரரும் நன்றி சொல்ல மாட்டார். அது ஆண்டுக்குப் பல முறை குஞ்சு பொரித்து, நாங்கள் காசு போட்டு வாங்கிய தீவனத்தை எல்லாம் தின்றுவிட்டு, கை அகலத்துக்கு மேல் வளராமலே இருக்கும். உங்கள் அம்மாயியின் கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.


கொடிவேரிக்காரன்:

நான் மூங்கில் கோலும் நெட்டித் தக்கையும் வைத்து வாய்க்காலில் பிடிக்கிறவன், போட்டி அனுபவம் இல்லை. இரண்டே செய்திகள் சொல்கிறேன்.

ஒன்று காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடித்த காற்று இப்போது திரும்பிவிட்டது. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடைதான் வரும். வெயிலில் சூடான மேல்தண்ணீரை அது மெல்ல மேற்குக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும், தீனித் தூசியும் அங்கேதான் ஒதுங்கும். வடக்குக் கரையில் வெயில், மேற்குக் கரையில் ஒதுங்கும் சூடு, இரண்டும் சேரும் வாயு மூலையில் மதியத்துக்கு மேல் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டு நிழல். வடக்குக் கரையோரம் மூன்றரை அடி ஆழம் என்றால் மீனுக்கு நீங்கள் தெரிவீர்கள். எழுந்து நிற்காதீர்கள், கரையிலிருந்து இரண்டு அடி தள்ளி உட்காருங்கள், கோலை மீனின் தலைக்கு மேல் ஆட்டாதீர்கள். நீர்க்காகம் வந்து இறங்கிய குட்டையில் அரை மணி நேரத்துக்கு எதுவும் கடிக்காது. அதற்கு மட்டும் எழுந்து நின்று கை தட்டலாம்.


சென்னிமலைத் தூண்டில்:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரண்டாவது பயிற்சி முடிந்தது, எழுதி வைத்த நோட்டைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

காலை ஆறரை மணிக்கே போய், அடித்தண்ணீரின் சூட்டைப் பார்க்க ஒரு வழி செய்தேன். சோடா பாட்டிலின் அடியில் கல் கட்டி, தக்கையால் வாயை அடைத்து, தக்கைக்கும் பாட்டிலுக்கும் வேறு வேறு கயிறு கட்டி இறக்கினேன். தரையைத் தொட்டதும் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அடித்தண்ணீர் மட்டும் உள்ளே போகும், மேலே இழுத்து உடனே வெப்பமானியை விட்டுப் பார்க்கலாம். ஆறரை மணிக்கு மேலும் கீழும் 22 டிகிரி. மதியம் 2 மணிக்கு மேலே 26, கன்னி மூலை அடியில் 23. நான் போன வாரம் உட்கார்ந்திருந்தது அந்த 23 டிகிரியில்தான்.

மூவரும் ஒரே மாவு உருண்டையோடு மூன்று ஆழத்தில் பிரிந்து உட்கார்ந்தோம். 9 மணியிலிருந்து 10 மணி வரை மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜிலேபி. விடியும்போது கட்லா மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தோம், யாரும் அவசரப்படவில்லை. 10 மணிக்கு மின்சாரம் வந்து மோட்டார் ஓடியதும், குழாய்க்குப் பத்தடி தள்ளி, பாதி ஆழத்தில் போட்டவருக்கு ஒன்றன் பின் ஒன்றாக ஜிலேபி வந்தது. 12 மணிக்குள் அவருக்கு மட்டும் 13. தரையில் போட்டவருக்கு இரண்டு மிர்கால். மேலே இரண்டரை அடியில் போட்டுக்கொண்டு வாயு மூலையில் உட்கார்ந்த எனக்கு 12 மணி வரை ஒன்றும் இல்லை, அசையக் கூடாது என்று அண்ணன் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டரைக்கு முதல் ரோகு, அதன் பிறகு 2 மணிக்குள் இன்னும் 4. மொத்தம் ஜிலேபி 21, மிர்கால் 2, ரோகு 5. எடை 9 கிலோ 200 கிராம். 0.18 நரம்பு ஒரு முறை கூட அறுபடவில்லை.

ஒரு சந்தேகம். தீனி போடும் அளவை மூவரும் ஒன்றாகவே வைத்தோம், கால் மணிக்கு ஒரு முறை நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று. ரோகு வந்துகொண்டிருந்த நேரத்தில் அதைக் கூட்டியிருந்தால் இன்னும் வந்திருக்குமா?


திருப்பூர் லெஸ்டர்:

வந்திருக்கலாம், நின்றும் போயிருக்கலாம். ரோகு வந்துகொண்டிருக்கும்போது உருண்டையின் அளவைக் கூட்டாதீர்கள், இடைவெளியைக் குறையுங்கள்: கால் மணிக்கு ஒன்று என்பதை 7 நிமிடத்துக்குப் பாதி உருண்டை என்று ஆக்குங்கள். தீனியின் மொத்த அளவு ஏறத்தாழ மாறாது, ஆனால் தண்ணீரில் ஏதோ ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். நடுத்தண்ணீர் மீனுக்கு விழும் தீனிதான் தீனி, தரைக்குப் போய்விட்டால் அது மிர்காலுக்குச் சொந்தம். அதனால் உருண்டையை இறுக்கிப் பிடிக்காமல், தண்ணீரைத் தொட்டதும் உடைந்து தூளாக இறங்கும்படி தளர்வாகப் பிடியுங்கள்.

ஒரே நாள் கணக்கை முழுதும் நம்பிவிடவும் வேண்டாம். நேற்று பளிச்சென்று வெயில். போட்டி அன்று மூட்டமாக இருந்தால் மேல்தண்ணீர் சூடாகாது, உங்கள் வாயு மூலை ரோகு நடுக்குட்டையிலேயே நின்றுவிடும். சோடா பாட்டிலை அன்றும் கொண்டு போங்கள்; மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் பாதி ஆழத்திலிருந்து தொடங்குங்கள்.


குட்டைக்காரர், கோபி:

22 டிகிரியில் கட்லா வாயைப் பிளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகமாகவே கரையும், அப்படியிருந்தும் பிளக்கிறது என்றால் பாசி மிகுந்துவிட்டது. தூண்டில் போட்டியை ஒரு பக்கம் வையுங்கள். மாமாவிடம் சொல்லி இரண்டு வாரத்துக்குத் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, சாண உரம் ஏதும் போட்டுக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, முடிந்தால் விடிகாலையில் மோட்டாரை ஓட விடச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு மின்சாரம் இல்லையென்றால் மூட்டமான நாட்களில் தீவனத்தை அடியோடு நிறுத்திவிடட்டும்.


சென்னிமலைத் தூண்டில்:

மாமாவிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன், தீவனத்தைக் குறைத்துவிட்டார். போட்டியை 10 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடிப்பது என்றும், போட்டி முடியும் வரை மோட்டாரே ஓடாது என்றும், கட்லாவை அங்கேயே எடை போட்டு விடுவது என்றும் மாற்றிவிட்டோம். முளைகள் 12க்கும் ஆழம் பார்த்து, அந்தப் பட்டியலைச் சீட்டுக் குலுக்கும் இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப் போகிறேன்; அதை என்னிடம் மட்டும் வைத்துக்கொண்டு வெற்றி பெறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிலேபியை மட்டும் தனிப் பாத்திரத்தில் போட்டுக்கொள்வதாக அம்மாயியிடம் சொன்னேன். மிளகாய் அரைக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.